கொள்ளை நோய்க் காலமும் நம் முன்னோரும்



யூபிலி மலர் என்றால் அதில் கோயில் கட்டிய வரலாறு இருக்கும். பீடம் எப்போது மந்திரிக்கப்பட்டது, மணி எங்கிருந்து வந்தது, கொடிமரம் யார் உபயம், எந்தெந்தக் குருக்கள் எத்தனை ஆண்டுகள் இருந்தார்கள் என்பதெல்லாம் வரிசையாக இடம் பெறும். அவை யாவும் வேண்டியவையே. ஆயினும் அந்தக் கோயிலைக் கட்டிய மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்பதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய இரு ஊர்களிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் நாம், நம் பாட்டனார் பூட்டனார் காலத்து நோய்களையும் சாவுகளையும் பற்றி இங்கே சிறிது சிந்திக்க விரும்புகிறோம். விழாக் காலத்தில் இது என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அவர்கள் சாவைப் பற்றி அறியாமல், நாம் இன்று உயிரோடிருப்பதற்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதை அறிய முடியாது.

அன்றைய நம் ஊர்கள்

1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் தலைக்கு ஏறத்தாழ 25 ஆயிரம் மக்கள் இருந்தார்கள். அக்காலத்திற்கு இவை சிறிய ஊர்கள் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் 1894-இல் நகராட்சியாகிவிட்டது. இராஜபாளையத்திற்கு அந்த நிலை வரப் பல பத்தாண்டுகள் ஆயின. ஒரு பக்கம் மேற்கு மலைத்தொடர், மறு பக்கம் பருத்தி விளையும் கரிசல் காடு. நடுவே தறிச் சத்தம் கேட்கும் நெருக்கமான தெருக்கள். அன்று இரண்டும் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. 1910-இல் இராமநாதபுரம் ஜில்லா அமைந்தபோது அதனோடு சேர்ந்தன. 1985-இல் காமராசர் மாவட்டமாயின. பின்னர் அதுவே விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. திருச்சபையிலும் அப்படியே. திருச்சி மறைமாவட்டத்தோடு இருந்த இப்பகுதி, 1938-இல் மதுரை தனி மறைமாவட்டமானபோது அதனோடு சேர்ந்தது. ஆகவே நம் ஊர்களின் பழைய சங்கதிகளைத் தேடுகிறவர், மூன்று நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கும் ஏடுகளைப் புரட்ட வேண்டியவராக இருக்கிறார்.

அந்தக் காலத்தில் ஒருவர் எத்தனை ஆண்டு வாழ்வார் என்று எதிர்பார்க்கலாம்? 1911 முதல் 1921 வரையிலான பத்தாண்டில் இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 20 ஆண்டுகள்தான். இன்று அது 70. இருபது என்றால் எல்லாரும் இருபதாவது வயதில் இறந்தார்கள் என்று பொருளல்ல. அறுபது எழுபது வயது வரை இருந்தவர்களும் உண்டு. குழந்தைகள் அவ்வளவு ஏராளமாக இறந்தார்கள் என்பதே அதன் பொருள். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 200 குழந்தைகள் முதல் பிறந்த நாளைக் காணவில்லை. இன்று தமிழ்நாட்டில், 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அந்த எண் 13.

இரண்டு ஏடுகள்

இறந்தவர்களைப் பற்றி அன்று இரண்டு ஏடுகள் எழுதப்பட்டன. ஒன்று சர்க்கார் ஏடு. கிராமங்களில் கிராம முன்சீப்பும் நகராட்சியில் அதன் சிப்பந்திகளும் அதை எழுதினார்கள். அதில் சாவுக்குக் காரணம் எழுத வேண்டும். அதற்கெனச் சில தலைப்புகளே இருந்தன: வாந்திபேதி, பெரியம்மை, பிளேக், காய்ச்சல், சீதபேதி, மூச்சு சம்பந்தமான நோய், விபத்து, மற்றவை. கிராம முன்சீப் வைத்தியர் அல்லர். வாந்திபேதியையும் அம்மையையும் எவரும் கண்டு சொல்லிவிடலாம். மற்றபடி மலைக்காய்ச்சலோ, சயரோகமோ, பிரசவத்திற்குப் பின் வந்த ஜுரமோ, உடம்பு சுட்டால் எல்லாம் ‘காய்ச்சல்’தான். ஆகையால் பழைய அறிக்கைகளில் காய்ச்சலால் இறந்தவர்கள் தொகையே எப்போதும் பெரிதாக நிற்கும்.

மற்றொன்று கோயில் ஏடு. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு பங்குக் குருவும் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், மரணம் ஆகியவற்றிற்குத் தனித்தனி ஏடு வைக்க வேண்டும் என்றது. மரண ஏட்டில் இறந்தவரின் பெயர், வயது, பெற்றோர் அல்லது வாழ்க்கைத் துணையின் பெயர், இறந்த நாள், என்னென்ன தேவதிரவிய அனுமானங்கள் பெற்றார், யார் கொடுத்தார், எங்கே எப்போது அடக்கம் நடந்தது என்பவை இருக்க வேண்டும். எந்த நோயால் இறந்தார் என்று எழுதும்படி சட்டம் கேட்கவில்லை.

இப்படி, சர்க்கார் அறிக்கைகளில் நோய் இருக்கிறது, ஆனால் ஆள் வெறும் எண்ணாகி விடுகிறார். கோயில் ஏட்டில் ஆள் பெயரோடும் ஊரோடும் இருக்கிறார், நோய் இல்லை. ஆயினும் கோயில் ஏட்டில் நோய் மறைந்தே நிற்கிறது என்று சொல்வதற்கில்லை. ஒரே வீட்டில் மூன்று நாளுக்குள் மூன்று அடக்கம் என்றால் வீட்டுக்குள் வந்தது என்னவென்று ஊகிக்கலாம். ஒரே மாதத்தில் குழந்தைகள் பெயராகவே வந்தால் அது அம்மை வந்த மாதமாக இருக்கக்கூடும். பழைய ஏடுகளைப் பார்க்கும் வாய்ப்புள்ளவர்கள் இக்கண்ணோடு பார்ப்பது நல்லது.

வாந்திபேதி

நம் முன்னோர் மிகவும் அஞ்சிய நோய் வாந்திபேதிதான். காலையில் நடமாடியவர் மாலையில் பிணமாவார். கண் குழிந்து, குரல் அடங்கி, கைகால் குரக்கை இழுத்து, உடம்பிலுள்ள நீரெல்லாம் வெளியேறி உயிர் போகும். கடுமையாகக் கண்டவர்களில், தக்க சிகிச்சை இல்லாவிடில், பாதிப்பேர் பிழைப்பதில்லை. 1899 முதல் 1923 வரை உலகெங்கும் பரவிய ஆறாவது வாந்திபேதிக் கொள்ளை இந்தியாவைத்தான் மிகுதியாக வாட்டியது.

இந்நோயின் கிருமியை ஜெர்மானிய விஞ்ஞானி இராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவில் இனங்கண்டு சொல்லிவிட்டார். அதற்கும் முன்பே, 1854-இல், இலண்டன் நகரில் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், நோய் ஒரு குறிப்பிட்ட தெருப் பம்பின் தண்ணீரால் பரவியதென்று காட்டியிருந்தார். அதாவது, நம் பாட்டனார் காலத்தில் காரணம் உலகத்திற்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தது நம் ஊருணிக் கரைக்கு வந்து சேரத்தான் இவ்வளவு காலம் ஆயிற்று.

அன்று தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஊருணி, குளம், தெருக் கிணறு, படிக்கிணறு. குடிநீர் எடுக்கும் இடத்திலேயே துணி துவைப்பதும் மாடு குளிப்பாட்டுவதும் நடக்கும். இறங்கி நின்று நீர் மொள்ளும் படிக்கிணறுகளால் நரம்புச் சிலந்தி நோயும் பரவிற்று. வடகிழக்குப் பருவமழை பெய்து அழுக்கெல்லாம் ஊருணிக்குள் வடியும்போது பேதியும் தொடங்கும். பெரிய திருவிழாக்கள் மற்றொரு வழி. ஆயிரக்கணக்கானவர் கூடி ஒரே நீரைக் குடித்துவிட்டு அவரவர் ஊருக்குத் திரும்பும்போது நோயும் கூடவே போகும். ஆண்டாள் தேருக்கு வந்தவர்களுக்கும் வேளாங்கண்ணிக்குப் போன நம்மவர்களுக்கும் இந்த ஆபத்து ஒன்றுதான். அதனால்தான் திருவிழா ஊர்களில் கிணறுகளுக்கு மருந்திடுவதும் சுகாதாரச் சிப்பந்திகளை நிறுத்துவதும் சர்க்காரின் வழக்கமாயின. கிணற்றில் பர்மாங்கனேட் போட்டால் நீர் சிவந்துவிடும். பின்னாளில் பிளீச்சிங் பவுடர் வந்தது. அதற்கோ ஒரு நெடி.

இங்கே நாம் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. வாந்திபேதி சாதி பார்க்காது என்பார்கள். நோய் பார்க்காமல் இருக்கலாம்; கிணறு பார்த்தது. தாழ்த்தப்பட்ட மக்களைப் பொதுக் கிணற்றில் கயிறு போட விடாத ஊர்கள் எத்தனையோ. அவர்கள் பிறர் ஊற்றும் வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிடில் குட்டை நீரைக் குடிக்க வேண்டும். ஊர்க் கழிவைத் தலையில் சுமந்து அகற்றியவர்களும் அவர்களே. ஆகவே நோய் வந்தால் முதலில் விழுந்ததும் அவர்கள் தெருவே. கிறிஸ்தவர்களாகிய நாமும் இதில் சுத்தமானவர்கள் என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் கத்தோலிக்கக் கல்லறைகளிலேயே சாதிக்கென்று சுவர் எழுப்பிய இடங்கள் இருந்ததை எல்லாரும் அறிவோம்.

குருக்களும் உபதேசியார்களும்

பேதி வந்த தெருவுக்கு உறவினரும் போக அஞ்சுவார்கள். அங்கே போவது குருவின் கடமை. 1830-களின் இறுதியில் மதுரை மிஷனுக்கு மறுபடியும் வந்த பிரெஞ்சு சேசு சபைக் குருக்களில் பலர், முதற் பத்தாண்டுகளுக்குள்ளேயே, இளம் வயதில் மாண்டனர். அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போன இடத்தில் தொற்றிய வாந்திபேதியே அவர்களில் பலரைக் கொண்டு சென்றது. பதிலுக்கு அடுத்த கப்பலில் வேறு குருக்கள் வந்தனர். அதற்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. குருவுக்குக் கல்லறையில் கல் நாட்டினார்கள். பெயரும் ஊரும் பொறித்தார்கள். குருவோடு மாட்டு வண்டியில் போன உபதேசியாருக்கு அவ்வாறு நாட்டிய கற்கள் மிகக் குறைவு. குரு பல மைல் தொலைவிலிருந்து வந்து சேருமுன் நோயாளியின் தலைமாட்டில் மன்றாடியவரும், சாவுத் தறுவாயில் ஞானஸ்நானம் கொடுத்தவரும், குழி வெட்ட ஆள் தேடியவரும் பல இடங்களில் உபதேசியாரே.

பெரியம்மை

பெரியம்மை தடுப்பில்லாதவர்களைத் தாக்கினால் பத்தில் மூவர் வரை இறப்பர். பிழைத்தவர் முகத்தில் தழும்பு. சிலருக்குக் கண்ணும் போகும். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டி, நோயாளியைத் தனியே கிடத்தி, அந்நியரை உள்ளே விடாமல் வைப்பது நம் நாட்டு வழக்கம். இந்து சகோதரர்கள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள்; இருக்கன்குடிக்கு இன்றும் போகிறார்கள். நோயாளியை ஒதுக்கி வைத்துச் சுத்தம் பேணும் அந்த வழக்கத்தில் ஒரு நல்ல அறிவு இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஊசி மட்டும் முன்பே வந்துவிட்டது. இந்தியாவில் முதல் முறையாக 1802-இல் பம்பாயில் ஒரு குழந்தைக்கு அம்மை குத்தப்பட்டது. 1884-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் நகரங்களில் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்க வழி செய்தது. ஆனால் அம்மை குத்துகிறவர் தெருவில் வருகிறார் என்றால் தாய்மார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒளிந்துகொள்வார்கள். முதலில் ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்து மற்றொரு குழந்தையின் கையில் குத்தினார்கள். சாதிக் கட்டுப்பாடு மிகுந்த நாட்டில் அது எவ்வளவு அருவருப்பைத் தந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பின்பு கன்றுக்குட்டியிலிருந்து எடுக்கும் பால் வந்தது. சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையம் அதைத் தயாரித்து மாகாணமெங்கும் அனுப்பிற்று. வெயிலில் வரும்போது அதன் வீரியம் குறைந்துவிடும் குறையும் இருந்தது. உறைய வைத்து உலர்த்திய மருந்து பரவலாக வந்த பிறகே அக்குறை நீங்கியது. 1975-இல் இந்தியாவில் கடைசி நோயாளி. 1980 மே 8-இல் உலகிலேயே பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை அறிவித்தது. மனிதர் ஒன்றுபட்டு அடியோடு ஒழித்த முதல் மனித நோய் இதுவே.

பிளேக்கும் இரு புனிதர்களும்

1896-இல் பம்பாய்க்குக் கப்பலில் வந்த பிளேக், அடுத்த இருபதாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவரைக் கொன்றது. எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி மூலம் பரவும் நோய் இது. பஞ்சாபும் பம்பாயும் பட்ட பாட்டைத் தமிழ் ஜில்லாக்கள் படவில்லை. ஆயினும் நம் மலைக்கு அப்புறம் உள்ள கம்பம் பள்ளத்தாக்கில் 1920-களிலும் 1930-களிலும் பிளேக் தங்கிவிட்டது. அதைப் பற்றித் தனி ஆராய்ச்சியே நடந்து 1934-இல் வெளியிடப்பட்டது. எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்து காட்டில் குடிசை போட்டுத் தங்குவது அன்றைய வழக்கம். பிளேக்குக்கு அஞ்சி 1897-இல் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டமே 2020-ஆம் ஆண்டில் கொரோனாவுக்கும் கையாளப்பட்டது.

நம் பங்குகளில் வழங்கும் பெயர்களைப் பாருங்கள்: செபஸ்தியான், செபஸ்தியம்மாள், ஆரோக்கியசாமி, ஆரோக்கியம், ஞானப்பிரகாசம். புனித செபஸ்தியார் வேதசாட்சி; அம்பு பட்ட அவரைக் கொள்ளை நோய்க்குப் பாதுகாவலராக ஐரோப்பியர் நெடுங்காலமாகக் கொண்டிருந்தனர். ஆரோக்கியநாதர் என்று நாம் அழைக்கும் புனித ரோக்கு, பிளேக் கண்டவர்களைப் பேணியவர் என்று போற்றப்படுகிறார். ஞானப்பிரகாசியார் என்னும் புனித அலோசியஸ் கொன்சாகா, 1591-இல் உரோமையில் கொள்ளை நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, நோயுற்று, 23-ஆம் வயதில் இறந்த சேசு சபை மாணவர். தை மாதத்துச் செபஸ்தியார் திருவிழாவும் அசனமும் நமக்கு இன்று மகிழ்ச்சிதான். ஆனால் பிள்ளைக்கு இப்பெயர்களை இட்ட தாய், இந்தப் பிள்ளையாவது நிலைக்கட்டும் என்று வேண்டியே பல நேரம் இட்டிருப்பாள்.

1918

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் வந்த விஷக்காய்ச்சல் இவை எல்லாவற்றையும் விடக் கடுமையானது. 1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி, இரயில் பாதைகள் வழியே நாடெங்கும் பரவியது. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் அலை. அவ்வாண்டு மழையும் பொய்த்து உணவும் தட்டுப்பட்டிருந்தது. நம் ஊர்களுக்கு அன்று இரயில் இல்லை. விருதுநகர் தென்காசி பாதை 1927-இல்தான் வந்தது. விருதுப்பட்டி என்று அப்போது வழங்கிய விருதுநகரிலும் சாத்தூரிலும் இறங்கி வண்டியில் வர வேண்டும். காய்ச்சலுக்கு அந்தத் தூரம் ஒரு தடையாக இருந்திருக்க முடியாது.

இந்தியாவில் இறந்தவர்கள் ஒரு கோடியே இருபது இலட்சம் முதல் ஒரு கோடியே எண்பது இலட்சம் வரை என்று ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர். சென்னை மாகாணத்தில் பம்பாய் அளவுக்குச் சாவு இல்லை என்பது உண்மை. மற்ற நோய்கள் குழந்தைகளையும் முதியோரையும் எடுக்கும்; இதுவோ இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்டவர்களை, அவர்களிலும் பெண்களை, மிகுதியாக எடுத்தது. 1911-இல் 25 கோடியே 20 இலட்சமாக இருந்த இந்திய மக்கள்தொகை 1921-இல் 25 கோடியே 10 இலட்சமாகக் குறைந்தது. குடிமதிப்புகளில் நம் நாட்டு மக்கள்தொகை குறைந்த பத்தாண்டு அது ஒன்றே.

தாயும் சேயும்

கொள்ளை நோய் வந்து போகும். வீட்டுக்குள்ளேயே இருந்து கொன்ற சாவு பிரசவ அறையில் நடந்தது. துருப்பிடித்த அரிவாளாலோ மூங்கில் சிம்பாலோ தொப்புள்கொடியை அறுப்பார்கள். ஏழெட்டு நாளில் குழந்தைக்கு இசிவு கண்டு வாய் பூட்டிக்கொள்ளும். அதைப் பேய்க் குற்றம் என்றார்கள். தாய்க்கு ஜுரம் கண்டால் ஜன்னி.

இந்த விஷயத்தில் திருச்சபையின் வரலாற்றையும் மறைக்காமல் சொல்லலாம். கன்னியர் மருத்துவம் கற்றுப் பிரசவம் பார்ப்பது பழைய ஒழுங்குப்படி தடுக்கப்பட்டிருந்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி, அன்று சென்னை மாகாணத்திலிருந்த குண்டூருக்கு 1920-இல் வந்து கன்னியராகி, பாப்பரசரின் தனி அனுமதியோடு மருத்துவம் செய்தார். ஆஸ்திரிய மருத்துவர் அன்னா டெங்கல், இந்தியப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் போகாமலே இறப்பதைக் கண்டு, 1925-இல் மருத்துவ மிஷன் சபையைத் தொடங்கினார். இவர்களைப் போன்றோரின் விடாமுயற்சியால் 1936 பிப்ரவரி 11-இல், லூர்து மாதா திருநாளன்று, அந்தத் தடையை உரோமை நீக்கியது.

மற்றொன்று இதைவிட வருத்தமானது. 1917-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கு கிடையாது. மந்திரித்த நிலத்திலும் இடமில்லை. ஓர் ஓரத்தில், மந்திரிக்காத மூலையில் புதைப்பார்கள். மரண ஏட்டிலும் அதன் பெயர் ஏறாது. பெயரே வைத்திருக்க மாட்டார்கள். 1983-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில், ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் விரும்பியிருந்தும் அதற்குள் இறந்த குழந்தைக்கு ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு செய்யலாம் என்று வந்தது. 2007-இல் உரோமையிலுள்ள இறையியல் குழு, அக்குழந்தைகளின் மீட்புக்காக நாம் நம்பிக்கை கொள்ளத் தக்க காரணங்கள் உண்டு என்று எழுதியது. பிள்ளையை அந்த மூலையில் கொடுத்துவிட்டு வந்த தாய்மார் அதற்குள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சாவு குறைந்தது எப்படி?

ஒரே ஒரு மருந்தால் இதெல்லாம் மாறவில்லை. 1920-களில் சென்னை மாகாணம் ஜில்லாதோறும் சுகாதார அதிகாரிகளை நியமித்தது. 1939-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஒரு பொதுச் சுகாதாரச் சட்டத்தைச் சென்னை இயற்றியது. 2020-இல் தமிழ்நாடு அதையும் துணைக்கு எடுத்தது. மலையிலிருந்து வரும் நீரைத் தேக்கிக் குழாய் வழியே ஊருக்குக் கொண்டு வந்தார்கள். இராஜபாளையத்தார் குடிக்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்து நீர் அப்படி வருவதே. பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மருந்துகளாயின. சயரோக நோயாளியைச் சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்துக் குணமாக்கலாம் என்று உலகத்திற்கு நிரூபித்தது, 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம். பேதிக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரே போதும் என்று, 1971-இல் வங்காள அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் காட்டினார். முப்பது சதவீதம் வரை இருந்த சாவு நான்கு சதவீதத்திற்கும் கீழே இறங்கியது. இளம்பிள்ளை வாதத்தின் கடைசி இந்திய நோயாளி 2011-இல். பிரசவ இசிவும் 2015-இல் கட்டுக்குள் வந்துவிட்டதென உறுதி செய்யப்பட்டது.

இராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகளில் ஓடுவது இன்று காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. இந்தியாவெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. இந்தத் தறிகளில் உழைக்கும் நம் பங்கு மக்களும் நோயாளிக்கு ஊழியம் செய்கிறவர்களே. அதேபோல் அம்மை குத்துகிறவர், சுகாதார ஆய்வாளர், குழாய் பதித்த கூலியாள், சாக்கடை அள்ளியவர், கிராம செவிலி ஆகியோரின் பெயர்கள் எந்த யூபிலிக் கல்வெட்டிலும் இல்லை. நம் வீட்டில் பிள்ளை பிழைத்ததற்கு அவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

தண்டனையா?

கொள்ளை நோய் கடவுளின் கோபம் என்று அன்று பிரசங்கித்தவர் உண்டு. 2020-லும் அப்படிப் பேசியவர் உண்டு. பிறவிக் குருடனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனும் செய்யவில்லை, இவன் பெற்றோரும் செய்யவில்லை என்பதாகத்தான் ஆண்டவர் மறுமொழி கூறினார். கூறிவிட்டுச் சும்மா இராமல் அவன் கண்ணைத் திறந்தார். குருட்டுத் தன்மைக்குக் காரணம் பேசுவதைவிடக் குணமாக்குவதை அவர் முதன்மையாகக் கொண்டார். பேதியில் இறந்த நம் முன்னோர் மற்றவரை விடப் பாவிகள் அல்லர். அசுத்த நீரும், பசியும், நெருக்கமும், கிணற்றைத் தடுத்த மனிதரும், தெரிந்த அறிவு ஏழையின் தெருவுக்கு வந்து சேராததுமே அவர்கள் சாவுக்குக் காரணம். பாவம் என்று தேடினால் அது அங்கேதான் இருக்கிறது.

அதே 2020 ஏப்ரலில், நோயாளிகளைக் கவனித்துத் தாமும் கொரோனாவில் இறந்த கிறிஸ்தவ மருத்துவர் ஒருவரைச் சென்னையில் அடக்கம் செய்ய விடாமல் சிலர் கல்லெறிந்தார்கள். நூறாண்டுப் படிப்புக்குப் பின்னும் அச்சம் மனிதரை எவ்விடத்திற்குக் கொண்டுபோகும் என்பதற்கு அதுவே சாட்சி. மறுபக்கம், உறவினரும் தொடாத உடல்களைச் சாதி மதம் பாராமல் அடக்கம் செய்த இளைஞர்களும் அதே ஆண்டில் இருந்தார்கள். பழைய நன்மரண சபைகளின் வேலையை அவர்கள் செய்தார்கள்.

நாம் செய்யத் தக்கவை

யூபிலி ஆண்டு கடன் தீர்க்கும் ஆண்டு. ஆகவே பங்கு மக்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கைக்குழந்தையாய் இறந்த அத்தை, பேதியில் போன தாத்தா, பிரசவத்தில் போன பாட்டி என்று அவர்கள் நினைவிலிருக்கும் பெயர்களை எழுதி வாருங்கள். பெயரில்லாத குழந்தையானால், இன்னார் வீட்டுக் குழந்தை என்று எழுதினாலும் போதும். வருகிற நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று திருப்பலியில் அவற்றை வாசிப்போம். அன்று கல்லறைத் தோட்டம் முழுவதையும் மந்திரிக்கும்போது, எவருடைய சிலுவையும் இல்லாத ஓரங்களுக்கும் போவோம்.

இரண்டாவது, குழந்தைகளுக்குரிய தடுப்பூசிகளை நாள் தவறாமல் போடுங்கள். எந்த ஊசிக்கு அஞ்சி நம் பூட்டிமார் ஒளிந்தார்களோ, அந்த ஊசி இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய பிள்ளைகளை அவர்கள் புதைத்தார்கள்.

மூன்றாவது, தண்ணீர். உங்கள் வீட்டுத் தொட்டியை மூடி வையுங்கள், கழுவுங்கள். அதோடு நில்லாமல், நம் பங்கின் எல்லைக்குள் குழாய் வராத தெரு, கழிவு ஓடும் தெரு எது என்று பாருங்கள். அது எந்தச் சாதியார் தெரு என்பதையும் பாருங்கள். அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையும் அதற்காக நகராட்சிக்கு மனுப் போடுவதை, அரிசி கொடுப்பதைப் போன்றே ஒரு பிறரன்புப் பணியாகக் கொள்ள வேண்டும்.

மரித்த விசுவாசிகளின் ஆன்மாக்களும், நம் ஏடுகளில் பெயர் ஏறாத சிறு குழந்தைகளும் இறைவனின் இரக்கத்தால் நித்திய இளைப்பாற்றி அடைவார்களாக. அவர்களுக்குக் கிடைக்காத ஆண்டுகளை நாம் பெற்றிருக்கிறோம் என்பதை மறவாமல் இந்த யூபிலியைக் கொண்டாடுவோம்.